நிழலக்காவின் நோட்டு

எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் நிழலக்காவைக் கவிழ்த்தது செக்ரட்டரிதான் என்று அடித்துச் சொல்வார்கள். அந்தப் பெயர் அவருக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கும் வருத்தமில்லை. மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே காலை வாருகிற ரகம். ஆனால் அவர் கையில் இருந்த நோட்டு ஆகாயத்திலிருந்து விழவில்லை. என் வீட்டு இரும்பு பீரோவில், கம்பளிக்கு அடியில், ஒன்பது வருஷம் இருந்த நோட்டு அது. எடுத்துக் கொடுத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

அக்காவின் தொழில் தோட்டம் வடிவமைப்பது. வீடுகளுக்கும், எங்களைப் போல அறுபது எழுபது குடும்பம் சேர்ந்து வாழும் குடியிருப்புகளுக்கும் தோட்டம் போட்டுக் கொடுப்பாள். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரைந்தாள். மாடிப்படி, கழிப்பறை, கார் நிறுத்துமிடம் எல்லாம் வரைந்து முடித்த பிறகு முதலாளி எட்டிப் பார்த்து, "மீதி இடத்துல மரம் போடும்மா" என்பாராம். மரம் போடுவதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. பச்சை மையில் தொட்டு ஒரு குத்து குத்தினால் ஒரு மரம். ஒரு குடியிருப்புக்கு நூற்றுப் பன்னிரண்டு குத்து குத்தினாள். கட்டி முடித்த பிறகு, தான் குத்திய மரமெல்லாம் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒருநாள் கிளம்பிப் போனாள். அங்கே ஜெனரேட்டரும் மோட்டார் சைக்கிள்களும் நின்றன. மரம் ஒன்றுகூட இல்லை.

"நூத்திப் பன்னெண்டு பொய், என் கையால" என்று இதை என்னிடம் சொன்னபோது கூட அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு நாலு வருஷம் ஒரு நாற்றுப் பண்ணையில் மண் மூட்டை தூக்கினாள். செடியைக் கற்றுக்கொண்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஒரு அச்சகத்து மாடியில், இரண்டே அறையில், தன் அக்காவோடு குடியிருந்தாள். "ஊருக்கெல்லாம் தோட்டம் போடறா, எங்க ஜன்னல்ல ஒரு தொட்டி கிடையாது" என்று அந்தப் பெரியக்கா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வாள்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உடைந்த ஓடும் செங்கல்லும் கொட்டிக் கிடந்த காலி இடத்தை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளிடம் ஒப்படைத்தார்கள். அப்போது இருந்த செக்ரட்டரி வேறு. ஒரு வாரத்தில் படம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். மூன்று மாதம் அவள் ஒரு கோடு போடவில்லை. சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு காலையில் வருவாள், ஆண்கள் போடும் ஷூ ஒன்றை மாட்டிக்கொண்டு. மணிக்கு ஒரு தரம் எழுந்து, கட்டடத்தின் நிழல் எதுவரை விழுகிறது என்று பார்த்து அதன் ஓரத்தில் சுண்ணாம்புப் பொடியைத் தூவுவாள். மறுபடி உட்காருவாள். பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்பாள். நோட்டில் எழுதுவாள். மாடியிலிருந்து பார்த்த பிள்ளைகள் அவளுக்கு நிழலக்கா என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்கள் வைத்த பெயர்கள் வேறு, அதை எழுத முடியாது.

வீடு வீடாகவும் வந்தாள். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"இதுவரைக்கும் என்ன செடியக் கொன்னிருக்கீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்து, "மணி பிளாண்ட்" என்றேன்.

"மணி பிளாண்ட்டையேவா? அது வெறும் தண்ணியில போட்டாலே பொழைச்சுக்குமே. பாராட்டணும் உங்கள."

எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது. எதற்கு இப்படிக் கேட்கிறாள் என்று பிறகொரு நாள் விசாரித்தேன். பிடித்த செடி எது என்று கேட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ரோஜா என்பார்களாம். கொன்றது எது, எப்படி என்று கேட்டால்தான் ஆள் யார் என்று தெரியுமாம். தண்ணீர் ஊற்றி ஊற்றியே கொன்றவர் உண்டு. திரும்பிப் பார்க்காமல் கொன்றவர் உண்டு. நான் மணி பிளாண்ட்டை ஜன்னலே இல்லாத குளியலறையில் வைத்திருந்தேன்.

"வீட்ல நீங்க கதவ சாத்திக்க முடியற எடம் அது ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

நான் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

தோட்டம் வந்தது. அதைப் பார்த்து முதல் நாள் யாரும் ஆகா என்று சொல்லவில்லை. வரிசை இல்லை, வட்டம் இல்லை, நடுவில் ஒரு நீரூற்று இல்லை. பாதை கோணலாகப் போயிற்று, ஏனென்றால் மூன்று மாதத்தில் எங்கள் கால்களே அந்தக் கோணலைத் தேய்த்து வைத்திருந்தன. ஒரு மூலையில் சருகைக் குவித்து, அதைக் கூட்டக் கூடாது என்று ஒரு பலகை வேறு. இதற்கா இந்த அலட்டல் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஆறு மாதம் கழித்து அந்தச் சருகுக்கு அடியில் மண்புழு, அதைத் தேடிக் குருவி, குருவியைப் பார்க்கப் பிள்ளைகள். நாலாம் மாடியில் ஒரு ரிட்டையர்டு கண்டக்டர் இருந்தார். எலுமிச்சை மரத்துக்கு வந்த ஏதோ ஒரு பறவை இரண்டு தரம் விசில் அடிப்பதைக் கேட்டு அதற்கு "டபுள் விசில்" என்று பெயர் வைத்தார். அது கூவினால், எங்கே இருந்தாலும் "ரைட், போலாம்" என்பார். தரைத்தளத்து டெய்லரம்மா தன் பாத்தியில் காய்த்த முதல் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக் காட்டினாள். சமைக்கத் தரவில்லை, காட்ட மட்டும்தான்.

வேலை முடிந்த அன்று அக்கா நோட்டை என்னிடம் கொடுத்தாள். வீட்டுக்கு ஒரு பக்கமாக, தாளின் பின்புறத்தைக் காலியாக விட்டு, அறுபத்து நாலு பக்கம், ஒவ்வொன்றின் தலையிலும் வட்டம் போட்டு எண். கடைசியில் தண்ணீர்க் குழாய் போகும் படம்.

"எந்தப் பெஞ்சு ஏன் அங்க இருக்குதுன்னு இதுல எழுதியிருக்கு. நாளைக்கு எவனாவது எதையாவது மாத்தணும்னு வந்தா, இதப் பாத்துட்டுச் சொல்லு. வேற யாருக்கும் காட்ட வேணாம்."

"எங்கிட்ட எதுக்கு அக்கா?"

"உனக்குச் சும்மா உக்காரத் தெரியும். அது தெரிஞ்சவங்க கம்மி."

அன்றுதான் 'நீங்கள்' போய் 'நீ' வந்தது. ஒரே வாரத்தில் முழு நோட்டையும் படித்துவிட்டேன். படிக்காமல் இருக்க நான் என்ன சாமியாரா? என் பக்கம் பதினாறு. அது எனக்கு மனப்பாடம்.

"இரண்டாம் மாடி, இடது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஐந்து இருபதுக்குக் கேட்டுக்குள் வருகிறாள். ஆறு மணிக்குத்தான் மாடி ஏறுகிறாள். நடுவில் மோட்டார் ரூமுக்குப் பின்னால், கவிழ்த்த பக்கெட்டின் மேல். ஒன்றும் செய்வதில்லை. போன் வந்தால் பஸ் லேட் என்கிறாள். இந்த நாற்பது நிமிஷம் இவளுக்கு வேண்டும். பால்கனியிலிருந்து தெரியாத பெஞ்சு ஒன்று. சுற்றிச் செம்பருத்தி, ஆறடி, அடர்த்தியாக. வெட்டக் கூடாது."

என்னைப் பற்றி இந்த உலகத்தில் யாராவது உட்கார்ந்து எழுதியது அந்த ஒரு பக்கம்தான். என் கல்யாணப் பத்திரிகையில் கூட என் பெயருக்கு ஒரு எழுத்து தப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, மாமியாரும் அப்படித்தான். ஆனால் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று வேலை என் பெயர் சொல்லிக் காத்திருக்கும். காலையில் எழுந்தது முதல் படுக்கிற வரை எனக்கென்று இருந்தது அந்த நாற்பது நிமிஷம் மட்டும்தான். ஒன்பது வருஷம் அந்தச் செம்பருத்திக்கு நடுவில் உட்கார்ந்தேன். என் தலைக்கு மேலே எங்கள் பால்கனியில் மாமியார், "இன்னைக்கும் பஸ் லேட்டாம்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வது எனக்குக் கேட்கும். எறும்பு வரிசை போவதைப் பார்ப்பேன். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை.

மற்றவர்களின் பக்கங்களில் இருந்ததையும் ஒன்பது வருஷம் நான் வாய் திறந்து சொன்னதில்லை. இதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

அப்புறம் கார்கள் பெருகின. ஒரு வீட்டுக்கு ஒன்று, பிறகு இரண்டு. புதிதாகப் பதவிக்கு வந்த செக்ரட்டரி, தோட்டத்தை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்ட பார்க்கிங் கட்டலாம், சார்ஜ் போடும் வசதியும் வைக்கலாம் என்று ஆரம்பித்தார். பேச்சு அக்காவின் காதுக்கும் போயிற்று. மறுநாளே டேப்போடு வந்து நின்றாள். இரண்டு வாரம் அளந்தாள். சுற்றுச்சுவரை ஒட்டிப் பதினெட்டு கார் நிற்கலாம், சருகு மூலை ஒன்றைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம் என்று ஒரு படம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம், அங்கே காட்டுவதாக ஏற்பாடு. கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு கை. நான் விசாரித்தவரை முப்பத்தெட்டு வீடு தோட்டத்தின் பக்கம் இருந்தது. அக்கா ஜெயித்துவிடுவாள் என்று தைரியமாகத்தான் இருந்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கும்பிட்டார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. அந்தத் தோட்டத்து நோட்டு உங்ககிட்ட இருக்குன்னு பழைய செக்ரட்டரி சொன்னாரு. தண்ணிக் குழாய் எந்தப் பக்கமா போகுதுன்னு பாக்கணும். பாத்துட்டு சாயங்காலமே குடுத்துடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "என்ன நோட்டு? நம்ம வீட்டுலயா இருக்கு? எடும்மா, நானும் பாக்கறேன்" என்றார். வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தேன். கம்பளிக்கு அடியில் கையை விட்டு நோட்டை எடுத்தேன். தொலைந்து போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷமாகத் தினமும் பஸ் லேட் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது ஒரு பெரிய பொய்யா? ஆனால் அந்த நிமிஷம் எனக்குப் பக்கம் பதினாறைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. கூடத்தில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், மூன்று பேருக்கும் படிக்கத் தெரியும். தையலை ஒட்டி, சத்தம் வராமல், மெதுவாகக் கிழித்தேன். நாலாக மடித்துக் கைப்பையின் துணி உறைக்குள் செருகினேன். நோட்டைக் கொண்டுபோய் நேராக அவர் கையிலேயே கொடுத்தேன். "குழாய் படம் கடைசியில இருக்கு" என்றும் சொன்னேன். அவர் முன்பக்கத்திலிருந்து புரட்டினார். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சாயங்காலம் நோட்டு திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கீழ்த்தள ஹாலில் கூட்டம். அக்கா தன் படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கென்று ஷூவைத் துடைத்திருந்தாள். செக்ரட்டரி பார்க்கிங் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அம்மா நம்ம தோட்டத்துக்கு ரொம்ப உழைச்சிருக்காங்க. நம்மள எப்படியெல்லாம் கவனிச்சிருக்காங்கன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும்ல? மொதல்ல என்னோடதையே படிக்கறேன். 'காலில் மண் படக் கூடாது. செருப்பைக் கழற்ற மாட்டார். இவருக்குப் பாதை மட்டும் போதும்.'" தானே சிரித்தார். ஹாலே சிரித்தது. "உண்மைதானே, நான் கோவிச்சுக்கல. இப்ப மத்தவங்களோடது."

பக்கத்தைத் திருப்பினார்.

"'நாலாம் மாடி, கண்டக்டர். பதினோரு அடிக்கு மேல் நடக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். நின்று செடியைப் பார்ப்பதுபோல் நடிக்கிறார். பதினோரு அடிக்கு ஒரு பெஞ்சு, பக்கத்தில் நின்று பார்க்கத் தக்க ஒரு செடி.'"

கண்டக்டருக்குப் பக்கத்தில் அவர் மனைவியும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் நாலு கிலோமீட்டர் நடப்பதாக அவர் ஒன்பது வருஷமாக வீட்டில் அளந்துவிட்டிருந்தார். மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "நான் செடியத்தான்பா பாத்தேன்" என்றார் அவர். ஒரு பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திய குரல் அன்றைக்கு மூன்றாவது நாற்காலியைத் தாண்டவில்லை.

அடுத்தது மூன்றாம் மாடித் தம்பதி. "வீட்டுக்குள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. வெளியே வந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பேசுகிறார்கள். இரண்டு நாற்காலி, ஒரே திசை பார்த்து." யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள். அந்த மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். அடுத்தது டெய்லரம்மா. "யாராவது பார்த்தால்தான் தண்ணீர் ஊற்றுவாள். கேட் பக்கம் பாத்தி கொடுக்க வேண்டும்." இதற்கு ஹால் அதிர்ந்தது. டெய்லரம்மா அக்காவைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"அடிப்பாவி! உன்னைய நல்லவள்னு நெனச்சு என் கத்தரிக்காயை உனக்குத்தானடி மொதல்ல காட்டினேன்!"

அக்கா எழுந்தாள். சுருட்டிய படம் இன்னும் அக்குளில்தான் இருந்தது.

"நான் குத்தம் சொல்றதுக்கு எழுதலைங்க. தோட்டம் போடறதுக்கு எழுதினது அது."

"எழுதறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டியாம்மா?" கண்டக்டர்தான் கேட்டார்.

"கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க."

அவள் சொன்னது உண்மை. அந்த இடத்தில் சொல்லவே கூடாத உண்மையும் அதுதான். பூசி மெழுகத் தெரியாதவள், என்ன செய்வாள்? அதன் பிறகு யார் யாரோ கத்தினார்கள். வேவு பார்த்தாள் என்றார்கள். நம்பி வீட்டுக்குள் விட்டோமே என்றார்கள். அந்த அறுபத்து நாலு பக்கமும் எப்படிப்பட்ட பக்கங்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவள் எழுதியதில் ஒரு வரி கூட யாரையும் கேலி செய்ய எழுதியது இல்லை, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு பெஞ்சோ ஒரு மரமோ இருக்கிறது, என் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தரை டைல்ஸில் இருந்த பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். பார்க்கிங்குக்கு ஐம்பத்தொரு கை. கண்டக்டர் மகனோடு கண்டக்டரும் சேர்ந்து தூக்கினார். வீட்டுக்கு ஒன்றுதான் என்று அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கையை என் வீட்டுக்காரர் தூக்கினார்.

அக்கா முன்னால் வந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். கட்டைவிரலால் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. தையலில் ஒட்டியிருந்த காகித நுனியைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பிரிக்காமலே போய்விட்டாள்.

படி ஏறும்போது வீட்டுக்காரர், "நல்லவேளை, நம்மளப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார்.

"நம்ம வீட்ல எழுதறதுக்கு என்னடா இருக்கு?" என்றார் மாமியார், பெருமையாக.

பத்து நாளில் மண் வாரும் இயந்திரம் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் நான் வழக்கம்போல ஐந்து இருபதுக்கு வந்து செம்பருத்திக்குள் நுழைந்தேன். பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு கோணிப்பை, அதில் வேரோடு எடுத்த இரண்டு மூன்று கன்றுகள்.

"என்ன, பஸ் இன்னைக்கும் லேட்டா?" என்றாள்.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது?

"குழாய் படம் பாக்கணும்னு சொன்னாரு அக்கா. அதுக்குத்தான்னு நெனச்சேன்."

"அதுக்குத்தான்னு நெனச்சிருந்தா உன் பக்கத்த ஏன் கிழிச்ச?"

மேலே பால்கனியில் மாமியார் துணி உதறும் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்தினாள். அந்த நேரத்திலும் என் ரகசியத்துக்காகக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தாளு மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் காருக்கு எடம் தேடறான், கெடைச்ச கல்ல எறியறான். அவங்க கை தூக்குனதுலயும் வருத்தம் இல்ல. யாரா இருந்தாலும் தூக்கியிருப்பாங்க. நீ கிழிச்சது கூடத் தப்பில்ல. நானே கிழின்னு சொல்லியிருப்பேன்." கோணியிலிருந்த கன்றின் வேரை மண்ணோடு சேர்த்து அழுத்தினாள். "ஒண்ணக் கிழிக்கத் தெரிஞ்ச கைக்கு மிச்சம் அறுபத்து மூணையும் கிழிக்கத் தெரியலையாடி?"

எனக்கு அழுகை பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, மேலே கேட்டுவிடுமே என்று அப்போதும் பயந்துகொண்டு அழுதேன். கைப்பையைத் திறந்து அந்த மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

"வேணாம். அது உன்னோடது. இனிமே நான் எதையும் எழுதப் போறதில்ல."

கோணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். போகும்போது பழக்கதோஷத்தில் ஒரு கிளையை இழுத்து, பெஞ்சு வெளியே தெரியாதபடி விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அரை மணி நேரத்தில் செம்பருத்தி போயிற்று. எலுமிச்சை மரம் மட்டும் வேர் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றது. கண்டக்டர் இப்போது கீழே இறங்குவதில்லை. மூன்றாம் மாடித் தம்பதி வெளியேயும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. டபுள் விசில் எங்கே போயிற்றோ தெரியாது.

நான் இப்போதெல்லாம் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். என் பஸ் வரும், விட்டுவிடுவேன். அடுத்ததும் வரும், அதையும் விடுவேன். பஸ் லேட் என்பது ஒரு வகையில் உண்மையாகிவிட்டது. வெயிலும் புகையும் நெரிசலும், அங்கே சும்மா உட்கார முடியாது.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிறவள் ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். புதுக் குடியிருப்பு. பின்னால் தோட்டம். வட்டமாகப் புல்தரை, நடுவில் நீரூற்று, அதைச் சுற்றி அளவெடுத்த மாதிரி எட்டுப் பெஞ்சு. எட்டும் வெயிலில், எட்டும் எல்லாப் பால்கனிக்கும் தெரியும்படி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஆள் இல்லை. யார் போட்டது என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"யாரோ ஒரு அம்மாங்க. ஆம்பள ஷூ போட்டிருப்பாங்க. ஒரே ஒரு நாள்தான் வந்தாங்க. யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கல. ஒரே வாரத்துல படம் வந்துடுச்சு. நல்ல வேகம்."

எட்டுப் பெஞ்சும் எட்டுக் குத்து குத்திய மாதிரி இருந்தது. அவள் கையில் அந்த ரப்பர் ஸ்டாம்பைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். இதில் செக்ரட்டரிக்குப் பங்கில்லை.

கிளம்பும்போது மணி ஐந்தரை. மோட்டார் ரூம் பக்கமாக வந்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் ஆபீஸ் பை, கையில் சாப்பாட்டுப் பை, காலிலிருந்து செருப்பை மட்டும் கழற்றி அதன் மேல் நின்றிருந்தாள். போன் அடித்தது. எடுத்து, "வந்துக்கிட்டே இருக்கேன் அத்தை, பஸ்தான் லேட்டு" என்றாள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனைக் கீழே இறக்கினாள்.

பயப்படாதே என்று சொல்ல நினைத்தேன். கொஞ்சம் உட்காரேன் என்றாவது சொல்லலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். அவள் மறைவாக உட்கார அங்கே ஓர் இடமும் இல்லை.